வாய்ச் சிவப்பு

கன்னியப்பனின் வாயைத் தனகோடி ஈரத்துணியால் துடைத்தாள். சிவப்பு போகவில்லை. துணியை அலசிப் பிழிந்து மறுபடி துடைத்தாள். கடைவாயில் இன்னும் கசிந்தது. வெற்றிலைக் கறை லேசில் போகுமா? பாழாய்ப்போன மனசு, புருஷன் பிணத்துக்குப் பக்கத்திலும் அப்படித்தான் நினைத்தது.

நேற்றுத் தோல் பதனிடும் ஷாப்புக் கிணற்றில் கயிறு அறுந்து, தண்ணீர் இறைக்கும் இரும்புச் சால் விழுந்துவிட்டது. தண்ணீர் இறைக்காவிட்டால் தொட்டியில் தோலெல்லாம் அழுகிப்போகும் என்று மேஸ்திரி மஹபூப் பாஷா ஆள் அனுப்பினார். அந்த ஆழத்துக்கு முங்க ஆம்பூரில் கன்னியப்பனை விட்டால் வேறு யார்?

மத்தியானம் அவள் கூழ் கொண்டுபோனபோது கிணற்று மேட்டில் குந்தியிருந்தான். வாய் செக்கச்செவேலென்றிருந்தது.

"இன்னாய்யா, வாய் இப்டிச் செவந்திருக்கு? என் மேல அவ்ளோ ஆசையா?"

வெற்றிலை நன்றாகச் சிவந்தால் பெண்டாட்டி மேல் ஆசை ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். அவன் வாயைத் திறக்காமல் சிரித்தான். கூழைத் தொடவில்லை. அப்புறம் குடிப்பான் என்று அவளும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"அண்ணி," என்றான் கொழுந்தன் ரத்தினசாமி. நேற்றுக் கயிறு பிடித்தவன் அவன்தான். "மூச்சு நெறைய இருந்தா மேல தூக்குது, விட்டுட்டுப் போனாத்தான் சட்டுனு தரை தட்டுதுன்னாரு. மூச்ச விட்டுட்டு, கல்லக் கட்டிக்கினு எறங்குனாரு. கூழ் வர்றதுக்கு முன்னாலயே, ரெண்டாவது முங்குல நெஞ்ச புடிச்சிக்கினாரு. செவப்பா துப்புனாரு. நான் வெத்தலன்னு நெனச்சேன் அண்ணி. நாலாவதுல சால் வந்துச்சு. கரை ஏறுனவரு மூச்சு வாங்க முடியாம சாஞ்சுட்டாரு."

கிணற்று மேட்டில் கிடந்த அண்ணனின் சுருக்குப்பையை அவளிடம் நீட்டினான்.

பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் சின்ன உரலோடு வந்தாள். "தூக்கறதுக்கு முன்ன வாய்ல வெக்கணும். வெத்தல குடும்மா, இடிச்சித் தர்றேன்."

தனகோடி பையைப் பிரித்தாள். நேற்றுக் காலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து அவள் மடித்துக் கொடுத்த நாலு வெற்றிலையும் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட அவன் வாயில் போடவில்லை.

"ஐயோ, ரத்தத்தயா பாத்து நான் சிரிச்சேன்!"

நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பட்டம்மாள் நீட்டிய கையோடு நின்றாள். தனகோடி இடிக்கக் கொடுக்கவில்லை. ஒரு மடிப்பை எடுத்து, அவன் உதட்டைத் திறந்து முழுசாக உள்ளே வைத்தாள்.

பாடையில் கிடத்தும்போது குனிந்து பார்த்தாள். கசிவு நின்றிருந்தது. உதட்டிடுக்கில் வெற்றிலை சிவக்காமல் பச்சையாகவே இருந்தது.