தடித்த எழுத்தில் இருந்த மீதி

கேக்கைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாக்லேட் கேக். மேலே வெள்ளைக் கிரீமில் மூன்று கிளையுள்ள ஒரு குட்டி மரம். முதல் கிளையில் மட்டும் ஒரு செர்ரிப் பழம். என்னோடு நிரல் எழுதும் யெப்பே தன் கையாலேயே செய்தது. அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது.

வேலையில் சொதப்பியவர் வெள்ளிக்கிழமை காலை கேக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் டேனிஷ் வழக்கம். சொதப்பல் கேக் என்றே அதற்குப் பெயர். எல்லாரும் தின்று கையைத் துடைத்தால் விஷயம் முடிந்தது, அப்புறம் அதைக் கிளறக் கூடாது. காபி இயந்திரத்தை உடைத்தவனுக்கு நல்ல வழக்கம்தான். ஒரு பெரியவர் தொண்டையில் ரொட்டி அடைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கேக்கா?

முந்தின நாள் மதியம் வந்த தொலைபேசியில் தொடங்கியது இது. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நகராட்சிப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டுக்கு மென்பொருள் செய்கிறவர்கள் நாங்கள். யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதுவார்கள், அது டேப்லெட்டில் தெரியும். புகார் அழைப்புகளை நாங்களே முறை வைத்து எடுப்போம். அன்று என் முறை.

“ஏம்மா, நான் கார்னா பேசறேன், வீட்டுப் பராமரிப்புல இருக்கேன்.” அவள் குரல் நடுங்கவில்லை, கொதித்தது. “எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேக்கறாங்க. எகோன் பெரியவரு வீட்டுக்கு நான் புதுசு. ‘காலையில் ரொட்டி கொடுக்கலாம்’னு உங்க டேப்லெட்டுலதான் இருந்துச்சு. குடுத்தேன். அடைச்சுக்கிச்சு. இப்ப ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தா, ‘பாலில் ஊறவைத்த பிறகு மட்டும்’னு கொட்டை எழுத்துல இருக்காம். நாளைக்கு விசாரணை. வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. பொய் சொல்றது நானா, உங்க சனியனா?”

கொட்டை எழுத்து என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு பக்கத்தைக் கணினி நம்மைப் போல வரி வரியாகப் படிப்பதில்லை. அதற்கு அது ஒரு மரம். பத்தி ஒரு கிளை, எழுத்துகள் அந்தக் கிளையின் பிள்ளைகள். நடுவில் நாலு சொல்லைத் தடித்த எழுத்தாக்கினால் போதும், தடிப்புக்கு முன்னால் இருப்பது ஒரு பிள்ளை, தடித்தது இன்னொன்று, பின்னால் வருவது மூன்றாவது என்று பத்தி உடைந்துவிடும். நம் கண்ணுக்கு மட்டும்தான் அது ஒன்று. அந்த வாரம் திங்கட்கிழமை வெளியான யெப்பேயின் நிரலோ, பத்தியின் முதல் பிள்ளையை எடு, அதன் எழுத்தை மட்டும் காட்டு என்றது. மூன்று பிள்ளை பெற்று, மூத்ததுக்கு மட்டும் சோறு போட்டுக் கதவைச் சாத்துகிற வேலை. எது முக்கியம் என்று ஒருவர் தடிப்பாக்குகிறாரோ, சரியாக அந்த இடத்தில் வெட்டும்.

சோதித்துப் பார்த்தானா என்றால், பார்த்தான். ‘இது ஒரு சோதனை’ என்ற வாக்கியத்தை வைத்து. அதில் தடிப்பு ஏது? நான் அப்போதே இது உதைக்கும் என்று எழுதினேன். ‘அங்கே யாரும் தடிப்பாக்க மாட்டார்கள்’ என்று பதில் போட்டுவிட்டு அனுப்பிவிட்டான்.

கிளையின் எழுத்து முழுவதையும் கேட்டு வாங்க ஒரு சொல்லை மாற்றினால் போதும். அன்று மாலையே மாற்றிக் கொடுத்தேன். ஆனால் வெளியிட மறுநாள் ஆகும், அது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எதையும் வெளியிடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் வேதவாக்கு. சனி ஞாயிறில் உடைந்தால் யார் வந்து பார்ப்பது?

“வீபெகே, ஒரு துண்டு எடுத்துக்கோ,” என்று யெப்பே தட்டை நீட்டினான். “மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. தப்ப ஒத்துக்கிட்டேன்ல?”

“யாருகிட்டடா ஒத்துக்கிட்ட? கேக்கு திங்க வந்தவங்ககிட்டயா? அந்த கார்னாகிட்ட சொன்னியா?”

சிரிப்பு நின்றது. முதலாளி லிஸ்பெத் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “மெதுவா பேசு. திங்கக்கிழமை சரியாயிடும். எழுத்து தெரியறதுல சின்ன மேம்பாடுன்னு நகராட்சிக்கு அனுப்பற குறிப்புல போட்டுக்கலாம். இந்த மாசம் நகராட்சி ஒப்பந்தத்தப் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கில்ல?”

“சின்ன மேம்பாடா? மத்த வீடுங்கள்ல இன்னிக்கும் பாதிதான தெரியுது! இப்பவே வெளியிடுங்க.”

“வெள்ளிக்கிழமையா? உனக்கென்ன பைத்தியமா?” யெப்பே உண்மையிலேயே வெலவெலத்துப் போனான். ஒரு மனிதருக்கு ரொட்டி அடைத்துக்கொண்டது என்று கேட்டபோதுகூட அவன் முகம் இப்படி மாறவில்லை.

அந்தக் கேக்கைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். “நல்லா தின்னுங்க,” என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டை எடுத்தேன்.

“இப்படியே போனா திரும்பி வராத,” என்றாள் லிஸ்பெத்.

“வர்றேன்னு யாரு சொன்னா?”

மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பக்கத்து ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது, விசாரணை பாதி நடந்திருந்தது. பராமரிப்புப் பிரிவின் தலைவி போதில் மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கார்னா, சோப்பில் வெடித்த கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தாள். நான் யார் என்று சொன்னேன். கார்னாவின் டேப்லெட்டை வாங்கிப் போதிலின் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“எகோன் பக்கத்தத் திறங்க. அந்தக் கொட்டை எழுத்தைச் சாதா எழுத்தா மாத்துங்க. வேற எதையும் தொடாதீங்க.”

போதில் மாற்றிச் சேமித்தாள். டேப்லெட்டில் ‘காலையில் ரொட்டி கொடுக்கலாம்’ என்பதற்குப் பின்னால், அதுவரை வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில், ‘பாலில் ஊறவைத்த பிறகு மட்டும்’ என்று வந்து நின்றது.

போதில் முகம் வெளுத்துவிட்டது. “அத கொட்டை எழுத்தாக்கினது நான்தான்,” என்றாள். “யாரும் பாக்காம விட்டுடக் கூடாதேன்னு.”

மேசைமேல் கார்னாவுக்காகத் தயாராக இருந்த பணிநீக்கக் கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டாள். “மன்னிச்சுக்கோ கார்னா. நீ நாளைக்கே வேலைக்கு வா.”

கார்னா டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து, தான் வழக்கமாகப் போகும் வீடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். இங்கெபோர்க் என்ற பெயரில் விரல் நின்றது. அங்கே இருந்தது ஒரே வரி: ‘மதியம் சர்க்கரை ஊசி போடவும்.’

“இதுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கும்,” என்றாள். “போன வாரம்கூட இருந்துச்சு. அந்தம்மா சாப்பிடலைன்னா போடவே கூடாதுன்னு. பாதி நாள் அவங்க சாப்பிட மாட்டாங்க.” சட்டென்று தலை நிமிர்ந்தது. “இன்னிக்கு மதியம் என் வீடுங்களுக்குப் போனது யாரு?”

“புதுசா ஒரு பொண்ணு,” என்றாள் போதில். “நான்தான் அனுப்பினேன்.”

போதில் அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டிருந்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.