ஓர் எழுத்தில் போன வண்டி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கற்பனையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், வாய் வரவில்லை. போன மாதம் என் வண்டியை என்னைக் கேட்காமல் வெட்டிப் போட்டுவிட்டார்கள். வயிறு எரிகிறது. எழுதினால் ஆறும் என்றார்கள். ஆறவில்லை.

முதல் தொடக்கம்: 'திருத்தணி மலைமேல் மேகம் தவழ்ந்துகொண்டிருந்த அந்த…' சே! மேகமாவது மண்ணாங்கட்டியாவது. அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில்.

இரண்டாவது: நான் கோமளவல்லி, கிராம சுகாதாரச் செவிலியர். பதினேழு வருஷம் தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் பைக்கில் போனவள். (ஸ்கூட்டி இல்லை ஐயா, பைக். கியர் போட்டு, உதைத்துக் கிளப்புகிற பைக். பொம்பளை பைக் ஓட்டுகிறாள் என்று சிரித்தவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் நான்தான் ஊசி போட்டேன்.) டேங்கில் பெயிண்டால் 'அம்மு' என்று எழுதியிருந்தேன்.

2

இங்கே ஓர் அடிக்குறிப்பு. கீழே போட்டால் படிக்க மாட்டீர்கள், அதனால் நடுவிலேயே. தமிழில் அம்மு என்றால் செல்லம். தெலுங்கில் அம்மு என்றால் 'விற்றுவிடு'. ஆந்திர எல்லையில் பிறந்த எங்களுக்கு இரண்டும் தெரியும். "ஏம்மா நர்சம்மா, வண்டி மேலயே விக்கறேன்னு எழுதி வெச்சுகினு சுத்தறியே!" என்று தெலுங்குத் தாய்மார்கள் பிள்ளையை ஊசிக்கு நீட்டிக்கொண்டே கேலி செய்வார்கள்.

இன்ஜின் இறுகிப்போய் மெக்கானிக் குமரவேல் ஷெட்டில் விட்டிருந்தேன். "பார்ட்ஸ் கெடைக்கலக்கா, வுட்டுடுங்க" என்றான். "ஒரு வாரம் பொறு, நானே சொல்றேன்" என்றேன். தள்ளிக்கொண்டாவது மலையடிவாரம் வரை கூட்டிப்போய், வாங்கிய அன்று வைத்த அதே இடத்தில் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து விடைகொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

3

புதன்கிழமை. ஊசி நாள், நான் முகாமில் இருந்தேன். ஷெட்டுக்கு வந்த, ஆந்திரா நகரிப் பழைய இரும்புக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, குமரவேலிடம் நம்பர் வாங்கி வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்தவர் என் கணவர் சந்திரமோகன். கும்பகோணத்துக்காரர், தெலுங்கு தெரியாது என்பவர்.

"பண்டி அம்முதாரா?" வண்டியை விற்பீர்களா என்று கேள்வி.

என் கணவர் காதில் விழுந்தது (அவர் சொல்கிறபடி): "வண்டி அம்முதானா?"

"ஆமா, அம்முதான்" என்றாராம். ஷெட்டில் பத்து வண்டி நிற்கிறதே, எது என்று கேட்கிறார்கள் போல என்று நினைத்தாராம்.

முகாம் முடித்து வந்தால் ஷெட்டில் வண்டி இல்லை. குமரவேலைப் பிடித்துக் கத்தினேன். "நானும் ஸ்பீக்கர்ல கேட்டுகினுதான்க்கா இருந்தேன். சார் ஒத்துகினாரு. நா இன்னா பண்ணட்டும்?"

நகரிக்கு பஸ் பிடித்து ஓடினேன். வெட்டி முடித்திருந்தார்கள். டேங்க் மட்டும் மண்ணில் கிடந்தது. தொட்டேன், வெயிலில் சுட்டது. பையில் இருந்த எலுமிச்சம்பழத்தை அங்கேயே வைத்துவிட்டு, அந்த ஆளுக்கு முன்னால் ஓவென்று அழுதேன்.

4

இந்தக் கதையில் நான் நம்பாத பாத்திரம் என் கணவர்தான். பதினெட்டு வருஷமாக இந்த ஊர்ச் சந்தையில் தெலுங்குக்காரிகளிடம் கத்தரிக்காய் வாங்குகிறவர். 'வாசல்ல அந்தத் தகரம் எதுக்கு?' என்று என் வண்டியைப் பார்த்து நாலு வருஷமாக முணுமுணுத்தவர்.

முடிவு அ: பாவம், தெரியாமல் சொன்னார். நான் மன்னித்து… (மன்னித்தாவது! அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: தெரிந்தே…

நேற்று மூன்றாம் பகுதியை மட்டும் அவருக்கு உரக்க வாசித்தேன். இரண்டாம் பகுதியைக் காட்டவில்லை. "பண்டி அம்முதாரா" என்றதோடு நிறுத்தினேன், அர்த்தம் சொல்லவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டார்.

"எதுக்குங்க சிரிச்சீங்க?"

"சும்மாத்தான். நீ தெலுங்கு பேசினா சிரிப்பு வருது."

5

முடிவை நான் எழுத மாட்டேன். எழுதிவிட்டு இவரோடு குடித்தனம் நடத்த வேண்டியவள் நான். உங்களுக்கென்ன, புத்தகத்தை மூடிவிட்டுப் போவீர்கள். டேங்கைத் தூக்கிவந்து வாசலிலேயே போட்டிருக்கிறேன். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போகிறார். ஒருநாள்கூட அதை நகர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை.

அவர் காதில் அன்று விழுந்த சொல்லை எழுதி, ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். னாவா, ராவா? நீங்களே போடுங்கள். பேனாவால் போடுங்கள்.

அம்முதா[      ]?