தினமும் ஒரு தள்ளு

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் இன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கக் கூடாது. சோறு விஷயத்தில் நான் விளையாடுவதில்லை என்பது என் வீட்டுக்காரிக்குத் தெரியும்.

நான் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவன். வேலைக்காலம் முழுக்க நின்றபடியே ஏறினேன், இறங்கினேன், எங்கும் போய்ச் சேரவில்லை. அதனால் ஓய்வு பெற்ற கையோடு ஒரு சாய்வு நாற்காலி வாங்கி ஜன்னலோரம் போட்டேன். எங்கள் வீடு ஒற்றை அறை. கட்டில், நாற்காலி, சமையல் மேடை போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவளுடைய தையல் மெஷினுக்கு இடமே இல்லை. அது அவள் தங்கை வீட்டில், தலையில் ஒரு பூந்தொட்டியைச் சுமந்துகொண்டு நின்றது. வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போய், தொட்டியை இறக்கி வைத்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள். வந்ததும் விரலை முகர்ந்து பார்த்துக்கொள்வாள். நான் கவனிக்கவில்லை என்று நினைப்பு.

ஒருநாள் கேட்டே விட்டாள். "ஏங்க, அந்த நாற்காலிய எடுத்துட்டா மெஷின் கச்சிதமா உக்காந்துடும்ல?"

"அது எப்படி முடியும்? நாற்காலி அந்த எடத்துக்குப் பழகிடுச்சு. வேணும்னா சுவத்தத் தள்ளித் தரேன்."

"தள்ளுவீங்க, தள்ளுவீங்க. பாட்டில் மூடியத் திறக்கவே என்னைக் கூப்பிடுற ஆளு."

ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை டீக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும் வரை சுவருக்குத் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரே மூச்சில் தள்ளினால் சுவர் முரண்டு பிடிக்கும். தினமும் கொஞ்சமாகத் தள்ளினால், தான் நகர்வதே அதற்குத் தெரியாது. காய்ச்சல் வந்த அன்றும் விடவில்லை. உடம்புச் சூட்டில் சுண்ணாம்பு இளகி, அன்று கூடுதலாகவே நகர்ந்தது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. பக்கத்து சலூன்காரர் சவரக் கத்தியும் கையுமாக வந்து நின்றார்.

"அண்ணே, என் கண்ணாடி நாளுக்கு நாள் கிட்ட வருது. நேத்து ஒருத்தர் தலையக் குனிஞ்சவரு, கண்ணாடியில தனக்குத்தானே முத்தம் குடுத்துட்டாரு."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்ல. நாளைக்கும் வரேன்னாரு."

"அப்புறம் என்னப்பா?"

ஆனாலும் சலூன் நாற்காலி சுழல இடம் வேண்டுமே. விஷயத்தைக் கேட்டு, அவரும் கடை திறந்ததும் தன் எதிர்ப்பக்கச் சுவரைத் தள்ள ஆரம்பித்தார். அதற்கடுத்த சைக்கிள் கடைக்காரர் தன்னுடையதைத் தள்ளினார். தெருக்கோடியில் காலி மனை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. தெரு கொஞ்சம் நீண்டது, தபால்காரர் கொஞ்சம் மெலிந்தார், அவ்வளவுதான்.

இடம் தேறிய அன்று தள்ளுவண்டியில் மெஷின் வந்திறங்கியது. அவள் அதைத் துடைத்தாள், நூல் கோத்தாள், வெறும் துணியில் நெடுநேரம் நேர்கோடாக ஓட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் வேலையாக எனக்கு ஒரு மெத்தை தைத்தாள், தரையில் போட்டு உட்கார. தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் இப்போது அதில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்க்கிறேன். இத்தனை நாள் பழக்கத்தில் சுவரும் என்னை நன்றாகத் தாங்குகிறது. பழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்று, சாய்ந்தபடியே லேசாக ஒரு தள்ளு.

"இன்னும் நகருதாங்க?" என்பாள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நகருது. நீ தை."

மெஷினுக்கு அடியில், தரையில், என் சாய்வு நாற்காலியின் நாலு கால் தடமும் அழியாமல் அப்படியே இருக்கிறது.