நிலக்ஷிக்கு ஆறு வருடம் நிறைமாதம்

ஆனைமுடக்குத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான மேல்லயத்தில் நிலக்ஷி என்ற பெண் ஆறு வருடம் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தாள். இதில் வைத்தியர்கள் சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் இருக்கும் பாரபட்ச முறைப்பாட்டு ஆணைக்குழு அவள் வீட்டில் எதுவும் மாறக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது, அவ்வளவுதான். அந்த ஆறு வருடத்தில் தேங்காய் விலை எங்கேயோ போனது, கொரோனா வந்து போனது, பெற்றோல் வரிசை வந்து போனது. நிலக்ஷியின் வயிறு மட்டும் இருந்தபடி இருந்தது.

விஷயம் ஒரு சுவரில் தொடங்கியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் ஏழாம் மாதம் வளையல் போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தாய் மீனம்மா கொழுந்து எடுக்கிறவள், புருஷனை இழந்தவள். அவளுக்கு இருந்தது லயத்தில் ஒரே ஒரு காம்பிரா. படுக்கையும் அதற்குள்தான், அடுப்பும் அதற்குள்தான். பச்சைப்பிள்ளையைப் புகைக்குள் போடுவதா என்று யோசித்து, பின்பக்கம் கோழிக்கூடு இருந்த இடத்தில் ஒரு சிறிய அறை எழுப்பத் தொடங்கினாள். மருமகன் நிரோஷன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்ததால் சீமெந்து கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது. நிலக்ஷிக்கு ஒன்பதாம் மாதமாகி, சுவர் நெஞ்சு உயரம் வந்தபோது தோட்டத்து ஆபீஸ் விழித்துக்கொண்டது. அனுமதி இல்லாமல் கட்டியதை ஒரு வாரத்துக்குள் இடிக்க வேண்டும் என்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் யார் வேண்டுமானாலும் மாடிக்கு மேல் மாடி கட்டலாம். தோட்டத்துக்குள்ளேயே உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸில் கார் நிறுத்தக் கொட்டகை போட்டார்கள், யாரும் கேட்கவில்லை. நாலு தலைமுறையாக லயத்தில் இருக்கிறவள் ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை வைத்தால் மட்டும் அது குற்றமாகிவிடும். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நிலக்ஷி ஓ.எல். பரீட்சைவரை படித்தவள், வாய் உள்ளவள். நாட்டில் வேறு யாருக்கும் இல்லாத தடை எங்களுக்கு மட்டும் ஏன் என்று ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தாள். யாரும் எதிர்பாராத வேகத்தில் இடைக்கால உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை அந்த வீட்டில் உள்ள நிலைமை எவ்விதத்திலும் மாற்றப்படக் கூடாது என்று மூன்று மொழியிலும் இருந்தது. இதுபோன்ற உத்தரவுகள் வழக்கமாகக் கதவில் ஒட்டப்பட்டு, மழையில் கரைந்து, மறக்கப்பட்டுப் போகும். மீனம்மா இங்கேதான் ஒரு தப்புச் செய்தாள். ஆனால் தோட்டத்தில் பிறந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். உத்தரவைப் பெரட்டில் வாசிக்கச் சொன்னாள்.

காலையில் ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பெயர் கூப்பிட்டு யாருக்குக் கொழுந்து, யாருக்குச் செடி வெட்டும் கவ்வாத்து, யாருக்கு எந்த மலை என்று சொல்லுவார். அங்கே சொல்லாத வேலை வேலையல்ல, சொல்லாத லீவு லீவல்ல. சாவுச் செய்தியும் அங்கே அறிவித்த பிறகுதான் சாவாகும். நூற்றைம்பது வருடமாக அந்தக் களத்தில் சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை. கண்டாக்கு பெரியதம்பிக்கு நல்ல கணீர்க் குரல். அவர் உத்தரவை மலையே கேட்கும்படி வாசித்தார். மலை கேட்டது. மீனம்மாவின் வீடும் கேட்டது.

அன்று மத்தியானம் கடப்பாரையோடு வந்தவர்கள் சுவரில் ஓங்கிப் போட்டார்கள். பெயர்ந்த துண்டுகள் எழும்பிப் போய் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டன. லயத்தில் கைதட்டினார்கள். அடுத்த நாள் மீனம்மா சுவரின்மேல் ஒரு கல்லை வைத்தாள். அது மெதுவாக இறங்கி வந்து சீமெந்து மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. கைதட்டல் குறைந்தது. வாசித்த நேரத்தில் அடுப்பில் பாதி வெந்திருந்த பருப்பு பிறகு வேகவே இல்லை; விறகும் தீரவில்லை. மீனம்மாவுக்கு அன்று பல்வலி. அதுவும் அப்படியே தங்கிவிட்டது. அடுத்த காம்பிராவில் இருக்கும் ராக்காயிதான் தன் அடுப்பில் இவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தாள். ஆறு வருடம் முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள், ஒரு நாள்கூட விடவில்லை. நிலக்ஷிக்குக் குறித்த நாள் வந்தது, போனது. ஆஸ்பத்திரி டாக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் பிறக்கும் என்றார். அதற்குப் பிறகு எப்போது போனாலும் அதையேதான் சொன்னார்.

ஆகவே விசாரணை முடிய வேண்டும், முடிந்தால் பிள்ளை பிறக்கும். கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தும் முடியவில்லை. முதல் விசாரணைத் தவணைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அடுத்த தவணைக்கு மொழிபெயர்ப்பாளர் வந்தார், தோட்டத்து வக்கீல் வரவில்லை. பிறகு வக்கீல் வந்தார், ஆணையாளர்களின் பதவிக்காலம் முடிந்திருந்தது. புதியவர்கள் வந்து முதலிலிருந்து தொடங்கினார்கள். கொரோனா வந்து அதையும் மூடியது. ஒவ்வொரு முறையும் நிலக்ஷி ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனையில் பிளேன்டீ குடித்து, கொழும்புக்குப் போய், இன்னொரு திகதியோடு திரும்பி வந்தாள். பஸ்ஸில் அவளுக்கு ஒரு நாளும் ஆசனம் கிடைக்காமல் போனதில்லை. சிங்களவர், முஸ்லிம்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடித்துவிட்டு வருகிறவர்கள்கூட அவள் வயிற்றைக் கண்டதும் எழும்பினார்கள். அந்த ஆறு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே உரிமை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நிரோஷன் கொழும்பில் இருந்ததால் உத்தரவு அவனைப் பிடிக்கவில்லை. அவனுக்கு வயது போனது. முன்தலை ஏறியது, கண்ணாடி வந்தது. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் இருபத்திரண்டு வயதிலேயே நிற்கும் மனைவியோடு கோயிலுக்குப் போகக் கூச்சப்பட்டான். ஒரு தீபாவளிக்குச் சின்னப் பாதசரம் வாங்கி வந்தான். அதைக் கூரைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, "நம்ம புள்ள என்னைய தாத்தான்னு கூப்பிடப் போகுது பாரு" என்றான். நிலக்ஷி சிரிக்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அது புரளும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளைக்கு இடம் போதவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆணைக்குழுவில் தமிழில் பேசக்கூடிய அதிகாரி ஷாமிலா மட்டும்தான். நல்ல பிள்ளை. ஒரு நாள் நிலக்ஷியை வெளியே கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, நாங்க போடுற உத்தரவ ஒரு திணைக்களமும் மதிக்கிறதில்ல. பொலிஸும் மதிக்கிறதில்ல. உங்க வீட்டு உத்தரவ மட்டும் பருப்புகூட மதிக்குது. அத முடிச்சிட்டா எங்ககிட்டக் காட்ட வேற ஒண்ணுமே இல்ல."

"அப்ப எம்புள்ள?"

ஷாமிலா அடுத்த தவணைத் திகதியை எழுதிக் கொடுத்தாள்.

ஷாமிலா சொன்னது பொய்யல்ல. ஆண்டறிக்கையில் முழுமையாக நிறைவேற்றப்பட்ட பாதுகாப்பு என்று இந்த வீட்டைத்தான் படத்தோடு போட்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வந்து வேகாத பருப்பைப் படம் பிடித்தார்கள். மனித உரிமைகள் தினத்துக்கு நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் தேசிய மாநாடு நடந்தது. ஒன்பது மாகாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நாடு முழுவதும் மனித உரிமைப் பாதுகாப்பை எப்படி முன்கொண்டு செல்வது என்று காலையிலிருந்து பேசினார்கள். நிலக்ஷியை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மேடையில் நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது, அவள் பெயர் ஒன்றிலும் இல்லை. தலைவர் பேசி முடிக்கும்வரை நிறைமாதக்காரி நின்றாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. போகும்போது ஒரு குடை கொடுத்தார்கள்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஒரு கிழவர் எழும்பி இடம் கொடுத்தார். அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. மேல்லயத்துக்குப் போகாமல் நேரே பெரியதம்பி கண்டாக்கு வீட்டுக்குப் போனாள்.

"கண்டாக்கையா, நீங்கதான வாசிச்சீங்க. நாளைக்குப் பெரட்டுல அது முடிஞ்சிருச்சுன்னு நீங்களே சொல்லிருங்க."

"என்னாம்மா பேசுற? மேல இருந்து எழுத்துல வராம நான் எப்புடிச் சொல்றது? தொர என்னைய உண்டு இல்லன்னு பண்ணிருவாரு. அதவிடு, உத்தரவு போச்சுன்னா அன்னைக்கே செவுத்த ஒடைப்பாங்க. யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததே அதனால்தான். பிள்ளை பிறந்தால் சுவர் போகும், சுவர் நின்றால் பிள்ளை பிறக்காது. ஒரு நியாயமான அரசாங்கம் இந்த இரண்டையும் கொடுத்திருக்கும். வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள். மீனம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எதையாச்சும் செய் ஆயி, இந்தப் பல்லயாவது புடுங்கணும்" என்றாள்.

மறுநாள் காலை கண்டாக்கு வருவதற்கு முன்பே நிலக்ஷி களத்தில் அவர் நிற்கும் கல்லின்மேல் ஏறி நின்றாள். பெண் அதில் ஏறி யாரும் பார்த்ததில்லை, அதுவும் தோட்டத்து வேலையில் பெயரே பதியாத பெண். பனிமூட்டத்தில் முதலில் வயிறுதான் தெரிந்தது. ஆட்கள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். கல்லின்மேல் யார் நின்றாலும் வரிசையாக நிற்பது அவர்கள் காலுக்குப் பழகியிருந்தது. அவள் பெயர் கூப்பிடத் தொடங்கினாள்.

"ராக்காயி, சுடுதண்ணி. மாயாண்டி, செவுரு கட்டுறது. மாயாண்டி கூட உள்ள ஆம்பளைங்க எல்லாம் கல்லு, தகரம். மீனம்மா, அடுப்பு. மத்த பொம்பளைங்க எங்கூட."

மாயாண்டிதான் ஆபீஸ் சொன்னால் கடப்பாரை எடுத்துக்கொண்டு வருகிற ஆள். "நானா?" என்றான்.

"நீங்கதாண்ணே. நானு, புள்ள பெத்துக்கிறது."

சொல்லிவிட்டு இறங்கினாள். பத்தடி போவதற்குள் வலி வந்துவிட்டது. எதிரே வந்த பெரியதம்பி குடையை மடக்கிக்கொண்டு வழி விட்டார். வலி வந்த செய்தியில் உத்தரவு போனது தெரிந்து, எட்டு மணிக்கு ஆபீஸிலிருந்து சுவரை இடிக்க ஆள் கேட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் அன்றைக்குப் பெரட்டில் வேலை கொடுத்தாகிவிட்டது. ஒரு பெரட்டில் ஒருவனுக்கு இரண்டு வேலை சொல்லும் வழக்கம் கிடையாது. மாயாண்டி கடப்பாரையைத் தூக்கிப் பார்த்தான். அது நிலத்தைவிட்டு எழும்பவில்லை. சாந்துக் கரண்டியை எடுத்தான், பூப்போல வந்தது. மத்தியானத்துக்குள் தகரம் ஏறிவிட்டது. பருப்பு வெந்து குழைந்து கொஞ்சம் அடிப்பிடித்தும்விட்டது. மீனம்மாவின் பல் தானாகவே கையில் வந்தது. புது அறையில் பெண் குழந்தை பிறந்தது. ராக்காயி அதைக் குளிப்பாட்டும்போது, "வாடி, ஒனக்காக எத்தன வெறகுடி எரிச்சேன்" என்று திட்டிக்கொண்டே அழுதாள். நிலக்ஷி கையை நீட்டி வாங்கினாள். அன்றைக்கு அவள் அழவில்லை.

தனுஷிகா என்று பெயர் வைத்தார்கள். தேங்கி நின்ற ஆறு வருடமும் அந்த ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தது. மீனம்மாவுக்குத் தலை நரைத்தது. நிலக்ஷிக்குக் காதோரம் இரண்டு வெள்ளை முடி வந்ததும் நிரோஷன் சந்தோஷப்பட்டு அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். பிள்ளை திங்கட்கிழமை தவழ்ந்து, வெள்ளிக்கிழமை பேசி, மாதம் முடிவதற்குள் முன்பல் விழுந்து நின்றது. பாதசரம் ஒரு நாளும் காலுக்குச் சரியாக வரவில்லை. ஆணைக்குழுவிலிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்தது. முறைப்பாட்டுக்காரரே நிலைமையை மாற்றிவிட்டபடியால் முறைப்பாடு மூடப்படுகிறது என்றிருந்தது. அடுத்த ஆண்டறிக்கையில் அந்தப் பக்கத்தில் ஒரு மரத்தின் படம் போட்டிருந்தார்கள்.

ஒரு மாதத்துக்கு முன்பு பிறந்த பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். விஷயம் கேட்டு ஷாமிலா போன் எடுத்தாள். "அக்கா, இது தெளிவான பாரபட்சம். புதுசா ஒரு முறைப்பாடு போடுவோம். முடியும்வரைக்கும் பிள்ளை இப்ப இருக்கிறபடியே இருக்கணும்னு ஒரு இடைக்கால உத்தரவும்..."

"ஐயோ தங்கச்சி, ஒன்னையக் கும்புடுறேன், அத மட்டும் போட்டுறாத" என்று நிலக்ஷி போனை வைத்தாள்.

அடுத்த நாள் காலை கல்லின்மேல் ஏறினாள். அந்த மாதத்துக்குள் களத்தில் அது வழக்கமாகியிருந்தது. முதலில் அவள் சொல்வாள், பிறகு பெரியதம்பி மலைகளைப் பிரித்துக் கொடுப்பார். அன்று மேல்லயத்துத் தண்ணீர்க் குழாய்க்கு நாலு பேரைச் சொன்னாள். பிறகு, "தனுஷிகா, பள்ளிக்கூடம்" என்றாள். பிள்ளை மாநாட்டுக் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனது. முதலாம் வகுப்பு நாகலெட்சுமி டீச்சர் வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். பெரட்டில் சொல்லிவிட்டார்களா என்று மட்டும் கேட்டார். பிள்ளை தலையாட்டியது. டீச்சர் முன்வரிசை வாங்கில் இருந்த பைகளை எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தார். தனுஷிகா உட்கார்ந்தாள்.