வெளியே திறக்கும் கதவு

பொன்னம்மையின் வீட்டில் வாசல் கதவைத் தவிர வேறு எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. கேட்டவர்களிடம் கரையான் என்று சொல்லி வைத்திருந்தாள். மரத்தைத் தின்கிற கரையான் இரும்புத் தாழ்ப்பாளை எப்படித் தின்றது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் குளிக்கப் போனால், உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக உரக்கப் பாடினார்கள். பாட்டு வராதவர்கள் இருமினார்கள். இத்தனை கூத்து நடந்தும் விஷயம் என்னவென்று ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

விஷயம் அவள் மகள் ஆதிரா. கல்லூரியில் படிக்கும்போது முதல் முறை வலிப்பு வந்தது. இப்போது இருபத்தைந்து வயது. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாள், வருவது அபூர்வம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டாள். அப்பா சிவதாணு கடப்பாரையால் நெம்பி அவளை வெளியே எடுப்பதற்குள் பொன்னம்மைக்குப் பாதி உயிர் போய்விட்டது. எல்லாப் பழியும் தாழ்ப்பாள் மேல் விழுந்தது. அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, வாசல் தவிர வீட்டிலிருந்த அத்தனை தாழ்ப்பாளையும் தன் கையாலேயே கழற்றினாள்.

அதோடு நிற்கவில்லை. மேஜை மூலைகளில் ஸ்பாஞ்சு ஒட்டினாள். கண்ணாடி டம்ளர்கள் பரணுக்குப் போயின. கத்தி, அரிவாள்மணை எல்லாம் கைக்கு எட்டாத அலமாரிக்கு ஏறின. அவற்றை எடுக்க அவளே முக்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது. மகளின் கட்டிலைத் தள்ளிவிட்டுத் தரையில் மெத்தை விரித்தாள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மகள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். உள்ளேயிருந்து 'ம்' வர வேண்டும். வரவில்லையென்றால் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். சோப்பு நுரையோடு நிற்கிற மகள் முறைக்கிற முறைப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள்.

பொன்னம்மைக்கு வாய்த்தது காக்காய்க் குளியலும் கோழித் தூக்கமும்தான். சாலைக் கம்போளச் சந்தையில் அரிசிக் கடை வைத்திருக்கும் சிவதாணு காலையில் போனால் விளக்கு வைத்துத்தான் வருவார். காவலுக்கு மாற்று ஆள் கிடையாது. சில நாள் மத்தியானம் அரிசி களைந்துகொண்டு நிற்கும்போதே கண் செருகிவிடும். அலுத்துப் போயிற்று என்று யாரிடமாவது சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனைத்தான் சொல்லக் கூடாது. பெண்பிள்ளை விஷயம், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது ஊர் வாய்க்கு மூடி கிடையாது.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஆதிராவைக் கழக்கூட்டம் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். போகத் தொடங்கி ஒரு வாரம் ஆனதும், ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, ஆபீசுல என்கூட இருக்க ஷெமி தங்கியிருக்க ஹாஸ்டல்ல ஒரு பெட் காலியா இருக்கு. நான் போலாம்னு இருக்கேன்."

பொன்னம்மை தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? அங்க உன்னை யாரு பாப்பா?"

"ஷெமி பாப்பா. அவளுக்குத் தெரியும். ஆபீசுலயும் பறஞ்சாச்சு. வந்துச்சுன்னா சரிச்சுப் படுக்க வைக்கணும், கையில சாவிக்கொத்தைத் திணிக்கப்பிடாது, அஞ்சு நிமிஷம் தாண்டிச்சுன்னா ஆம்புலன்ஸ். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்குமா என்று கேட்க வாயெடுத்தாள் பொன்னம்மை. அதற்குள் ஆதிரா தொடர்ந்தாள்.

"எனக்குக் கதவை அடைச்சுட்டுக் குளிக்கணும்மா. வேற ஒண்ணும் வேண்டாம். அது இங்க நடக்கும்னா நான் எங்கயும் போகல்ல."

தேவையானதையெல்லாம் ஆதிரா முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள். ஒரு பூட்டு வாங்கி வந்திருந்தாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடலாம். ஆபத்து என்றால் வெளியே உள்ள சிறு பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறந்துவிடலாம். கூடவே இன்னொன்றையும் இரண்டு தடவை சொன்னாள்: கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பொன்னம்மை சரி சரி என்று தலையாட்டினாள். மகள் போய்விடுவாளே என்ற பயத்தில் அவள் எதற்கும் தலையாட்டியிருப்பாள்.

தச்சு வேலைக்கு ஸ்ரீகண்டன் வந்த அன்று ஆதிரா ஆபீசில் இருந்தாள். அவர் கதவை இழுத்தும் தள்ளியும் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கி, மலையாளம் கலந்து கேட்டார்.

"வெளியோட்டா? எந்தினு சேச்சி? ஃப்ரிட்ஜில முட்டும். குளிமுறிக் கதகு எல்லா வீட்டிலும் உள்ளோட்டல்லே தொறக்கிறது?"

மகளுக்கு வலிப்பு உண்டு. மூன்றே வார்த்தை. வெளியாள் ஒருவரிடம் அந்த மூன்று வார்த்தையை அவள் இன்றுவரை சொன்னதில்லை. இவரோ சாலைக் கம்போளத்திலும் கோட்டைப் பக்கமும் நாலு வீட்டுக்கு வேலைக்குப் போகிறவர்.

"சும்மாதான். சொந்தத்துல சின்னப் பிள்ளைங்க வரும், உள்ள மாட்டிக்கிட்டா..."

"பிள்ளேருக்கு இந்தப் பூட்டு போரும் சேச்சி. வெளியிலிருந்து தொறக்கலாமல்லோ."

"அப்போ உள்பக்கமே இருக்கட்டும்" என்றாள் பொன்னம்மை. ஃப்ரிட்ஜை நகர்த்துகிற வேலையும் மிச்சம்.

பூட்டு பொருத்தி முடித்து ஸ்ரீகண்டன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆதிரா வந்துவிட்டாள். தோள்பையைக்கூட இறக்காமல் நேரே போய்க் கதவைத் தொட்டாள். அது உள்ளே போயிற்று.

"வெளிய தொறக்கணும்னு சொன்னேன்லா?"

"ஃப்ரிட்ஜில முட்டுமாம். நீ கொண்டுவந்த பூட்டுதானே போட்டிருக்கு, அது போராதா?"

ஆதிரா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக் காலை எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்து, ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"இப்போ தள்ளும்மா."

பொன்னம்மை தள்ளினாள். கதவு அசையவில்லை.

"பலமாத் தள்ளு."

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஆணி அடித்துவைத்த மாதிரி நின்றது. ஸ்ரீகண்டன் கையில் உளியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த நாள் முழுசாக நினைவுக்கு வந்தது. கடப்பாரைக்குத் தாழ்ப்பாள் உடனே பெயர்ந்துவிட்டது. அதற்கப்புறமும் கதவு திறக்கவில்லை. சிவதாணு மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே இருந்தார். பிள்ளையின் தோளில் ஒரு வாரம் நீலம் பாரித்துக் கிடந்தது. விழுந்த அடி என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்; அது கதவு இடித்த அடி. அப்படியானால் இத்தனை நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டு நின்றதெல்லாம் எதற்கு? அவள் விழுந்திருந்தால் வெளியே நின்று கத்தியிருக்கலாம், அவ்வளவுதான். தூக்கத்தைத் தொலைத்துக் காத்த காவல் மொத்தமும் விழலுக்கு இறைத்த நீர். பொன்னம்மை ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிரா எழுந்து வெளியே வந்தாள். உடுப்பின் பின்பக்கம் நனைந்திருந்தது.

"சேட்டா, எனக்கு ஃபிட்ஸ் உண்டு. உள்ள விழுந்தா கதகை அடைச்சுட்டுல்லா கெடப்பேன். அதுக்காகத்தான் வெளியோட்டு."

பொன்னம்மை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இரண்டு வருஷமாகக் கரையான் தலையில் போட்டுக் காப்பாற்றியது ஒரு மூச்சில் போயிற்று.

"அது முன்னாலே பறயக்கூடாதோ மோளே?" என்றார் ஸ்ரீகண்டன். அவருடைய கவலையெல்லாம் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டியிருப்பதுதான். பையிலிருந்து சாமான்களைத் திரும்ப வெளியே எடுத்து வைத்தார். "ஃப்ரிட்ஜு எங்கோட்டு மாற்றணும்? அதைப் பற."

ஃப்ரிட்ஜை மூன்று பேருமாகச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் தள்ளினார்கள். ஸ்ரீகண்டன் கதவைக் கழற்றி, கீல்களை மாற்றி, நிலையில் இரண்டு இடம் செதுக்கி மறுபடி மாட்டினார். வானம் இடிந்து விழவில்லை. அவர் தன் வீட்டு விஷயமும் சொல்லவில்லை, இவர்கள் வீட்டு விஷயமும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும், "ஆராச்சும் உள்ளே கேறி பூட்டணும். வெளியிலிருந்து தொறந்து நோக்கலாம்" என்றார்.

ஆதிரா கையில் அஞ்சு ரூபாய் நாணயத்தோடு தயாராக நின்றாள். ஆகவே பொன்னம்மைதான் உள்ளே போனாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் திருகினாள். சட்டென்று வீடு முழுக்க வெளியே போய்விட்டது. குக்கர், மேஜை மூலை, மாத்திரை டப்பா, மகளின் மூச்சு எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய ஆள் இப்போது தான் இல்லை என்பது விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

வெளியே நாணயம் உரசியது. கதவு சுகமாக வெளியே திறந்தது. ஆதிரா எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத் தொறக்குதும்மா. எந்திரி."

பொன்னம்மை எழுந்திருக்கவில்லை. "சாத்துட்டி" என்றாள்.

"என்னம்மா, என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல்ல மக்கா. எனக்கு முடியல்ல. கொஞ்ச நேரம் இப்படியே இருந்துட்டு வாறேன்."

ஆதிரா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினாள். பொன்னம்மை உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். ஒரு பாடு அழுதால் தேவலை என்றிருந்தது. அதற்குக்கூட அசதியாக இருந்தது.