அஸர் கோடு

"இன்னும் ஒரு பக்கெட்டு குடுங்க மாமு."

திரைக்கு உள்ளேயிருந்து எதிர்வீட்டு ஷிரின் கை நீட்டினாள். கவுஸ் பாஷா விளிம்பு தளும்பத் தூக்கிக் கொடுத்தார். உள்ளே பெண்கள் ரோஷன் பீவியின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன பெண்டாட்டியைப் புருஷன் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். தண்ணீர் பிடித்துக் கொடுக்கலாம்.

நாலு வருஷத்தில் அவள் குடித்ததெல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒன்பது பக்கெட் வராது என்று அவருக்குத் தோன்றியது. அவர் சொன்னால் நம்பக்கூடாது. கல்வராயன் மலைக்குப் புடவை மூட்டை தூக்கிப்போன காலத்தில் பொய்யையும் சேர்த்தே விற்றவர்.

ரோஷன் பீவிக்கு இதயம் வீங்கிவிட்டது, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, மீறினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும் என்றிருந்தார் டாக்டர். உப்பும் கூடாது. மகள் அப்சானா ஒரு பாட்டிலில் நகப்பாலிஷால் கோடு போட்டாள், ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஒவ்வொன்றாக. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் ஒரு கோடு தண்ணீர். கடிகாரம் பொய் சொல்லும், பாங்குதான் கணக்கு என்பது கவுஸ் பாஷா போட்ட சட்டம். அதற்கு முன்னால் அவள் தண்ணீர் கேட்டால் கதைதான் கொடுப்பார்.

"மலையில ஒரு தபா எனக்கு தாகம். அருவில வாய வச்சேன் பாரு, கீழ வடக்கனந்தல்ல நடவே காஞ்சிபோச்சு. ஊரே கம்ப எடுத்துக்கினு ஏறி வந்துட்டானுங்க!"

மூன்று தலையணையில் சாய்ந்தபடி ரோஷன் பீவி சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுக்க முடியாமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது அவளுக்கு.

நேற்று சாயங்காலம் சிரிக்கவில்லை.

"கதை வேணாங்க. ஒரு வாய் தண்ணி."

"அஸர் பாங்கு சொல்லட்டும் ரோஷன். இன்னா, அஞ்சு நிமிசம்."

"நாக்கு ஒட்டிக்கினு கீதுங்க."

"அதுக்குள்ள அருவிக் கதைய முடிச்சிடறேன்."

பள்ளிவாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டே சொன்னார். கம்போடு வந்தவர்களில் ஒருத்தன் அவர் வயிற்றை அமுக்கினானாம், மூணு ஊர் ஏரி நிரம்பிற்றாம். திரும்பிப் பார்த்தார். அவள் கண் அவர்மேல்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அவர் போட்ட சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் ஷிரினின் புருஷன் சுஐப். தலையில் தொப்பி.

"இப்பதான் தொழுதுட்டு வர்றேன் மாமு, அதுக்குள்ள..."

"பாங்கே சொல்லலியேடா."

"கரண்ட் இல்ல மாமு. மைக் இல்லாம வாயாலயே சொன்னாங்க. அரை மணி நேரம் ஆவுதே."

கதை ஆரம்பித்துப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"மாமு!" ஷிரின் மறுபடி கூப்பிட்டாள். "கடைசி தண்ணிக்கு கற்பூரம் போட்டாச்சி. குடம் கொஞ்சம் கொறையுது."

குழாய் நின்றுபோயிருந்தது. "பக்கத்து வூட்ல வாங்கியாரேன் அத்தா" என்று அப்சானா எழுந்தாள்.

"வாணாம். கீது."

உள்ளே போய் அந்தப் பாட்டிலை எடுத்து வந்தார். மூன்று கோடு தண்ணீர் அப்படியே இருந்தது. அப்சானா பார்த்தாள். ஷிரின் வெளியே நீட்டிய குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள். அஸர் கோடு இறங்கியது, மக்ரிப் இறங்கியது, இஷாவும் இறங்கியது. பாட்டிலைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

குடம் உள்ளே போனது. கவுஸ் பாஷா திரைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார்.