ஈரத் தலை

நீச்சல் பயிற்சி முடிந்து பேருந்தில் ஏறியவளின் பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோடுபோட்ட சட்டைக்காரன் ஒருவன் உரசியபடி வந்து நின்றான். அவள் நகர்ந்தாள். அவனும் நகர்ந்தான். பேருந்தில் கூட்டமே இல்லை.

கத்தலாம். கத்தினால் வீட்டுக்குத் தெரியும். “ஒரு தொந்தரவுன்னு காதுல விழுந்துச்சோ, அன்னிக்கே நீச்சலுக்கு முழுக்கு” என்று அம்மா சொல்லியிருந்தாள். அடுத்த மாதம் போட்டி.

“ஏய் கழுதை, இங்க வாடி!”

முன்வரிசையில் ஒரு பெண். நகக்கண்களில் நீலப் பெயிண்ட். பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன்பின் பார்த்த முகமில்லை.

“சித்தி உட்கார்ந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? தலையப் பாரு. துவட்டக்கூட உடம்பு வணங்காதா?”

அவள் போய் உட்கார்ந்தாள். “சரிங்க” என்றாள்.

பெண் அவள் காதருகே குனிந்தாள். “சித்திகிட்ட யாராவது இவ்வளவு மரியாதையா பேசுவாங்களா? எதிர்த்துப் பேசு. அவன் நம்பணும்ல.”

“துண்டை மறந்துட்டேன் சித்தி. சும்மா கத்தாதே!”

“வாயப் பாரு. அப்படியே அம்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைக்காரன் சிரிக்கவில்லை. இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

நடத்துநர் குரல் கொடுத்தார். “பெயிண்ட் கடை அக்கா, உங்க ஸ்டாப் வந்தாச்சு!”

“இன்னிக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“உங்களுக்கு ஏது…” நடத்துநர் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். சட்டைக்காரனைப் பார்த்தார். ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினார். “அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.”

பிறகு சட்டைக்காரனின் இருக்கையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

அப்படியும் அவள் நிறுத்தத்தில் இருவரும் இறங்கியபோது அவனும் இறங்கினான். விளக்கடியில் அம்மா காத்திருந்தாள்.

“யாருடி இது?”

“சித்திம்மா.”

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. மகளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். பெயிண்ட் கடைக்காரியின் பக்கம் திரும்பினாள்.

“வந்தியா மகராசி? இவ்வளவு நேரமா? நீயாவது இவ தலையத் துவட்டிவிடக் கூடாதா?”

“உன் பொண்ணு துண்டை மறந்ததுக்கு என்னைத் திட்டுறியே, நல்லா இருக்கு!”

இரண்டு பேரும் தெருவே கேட்கிற மாதிரி சண்டை போட்டார்கள். சட்டைக்காரன் சாலையைக் கடந்து போனான். அவன் திருப்பத்தில் மறைந்த பிறகே நிறுத்தினார்கள்.

அம்மா மகளின் பின்னலைப் பிடித்துப் பிழிந்தாள்.

“அம்மா, நீச்சல்…”

பெயிண்ட் கடைக்காரி திரும்பிப் போக வேண்டிய பேருந்துக்காக மூவரும் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். அது வரும் வெளிச்சம் தெரிந்தபோது அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

“நீங்க தினமும் அதே பஸ்தானா?”

“அதேதான். இடம் போட்டு வைக்கிறேன். பாவம், இவளுக்குத்தான் எதிர்த்துப் பேசவே வரலை.”

“ஒரு நாள் வீட்டுக்கு வந்து இவ பேச்சைக் கேட்டுப் பாருங்க.”

பேருந்து நின்றது. பெயிண்ட் கடைக்காரி ஏறிக் கையசைத்தாள். அம்மா மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்குத் துண்டை மறந்துட்டுப் போ, அப்புறம் இருக்கு உனக்கு.”